சோலைத் தண்ணீரில் வளரும் சீமை மீன்

நீலகிரியின் தென்மேற்குப் பகுதியில், உதகமண்டலத்திலிருந்து எமரால்டு வழியாக ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்திருக்கும் அவலாஞ்சியில் 1907-ஆம் ஆண்டு முதல் ஒரு மீன் பண்ணை இருந்து வருகிறது என்பதும், அதில் வளர்கிற மீன் நம் ஆற்றுக் கெண்டையோ கெளுத்தியோ அன்றி, வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர மலையாறுகளைப் பூர்விகமாகக் கொண்ட டிரவுட் என்பதும், கோடைதோறும் உதகைக்குப் பிரயாணம் செய்கிற லட்சக்கணக்கானவர்களில் வெகு சிலரே அறிந்த விஷயங்கள். அந்தப் பண்ணையை நேரில் பார்த்து வர வேண்டும் என்ற ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. மீன் முட்டையிடும் பருவம் குளிர்காலமே ஆதலால், மலை வாசஸ்தலத்துக் கூட்டமெல்லாம் கலைந்து, புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிற நாட்களில் புறப்பட்டுப் போனேன்.

எமரால்டைத் தாண்டும் வரையில் வழியின் இருமருங்கிலும் தேயிலையும், படிப்படியாக வெட்டிய சரிவுகளில் காரட், பீட்ரூட், உருளைக்கிழங்குத் தோட்டங்களும், அவற்றின் நடுவே படகர் ஊர்களின் ஓட்டு வீடுகளும் தெரிந்துகொண்டே வருகின்றன. அப்பால் ஊர்கள் அருகிப் போய், சீகையும் கற்பூர மரமும் அடர்ந்த காடு தொடங்கி, அதற்கும் மேலே போகப் போகத்தான் இந்த மலையின் ஆதி வடிவமாகிய புல்வெளியும், அதன் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைகளும் கண்ணுக்குப் புலப்படுகின்றன. 1823-ஆம் ஆண்டில் பெரியதொரு மண்சரிவு ஏற்பட்டதால் வந்த பெயர் அவலாஞ்சி என்பார்கள். அந்தச் சரிவின் சுவடு இன்று தேடினாலும் கிடைக்காதபடி பசுமை மூடிவிட்டது.

பூமத்திய ரேகையிலிருந்து பதினோரு பாகை மட்டுமே விலகியிருக்கிற ஓரிடத்தில், பனி உருகி ஓடும் ஆறுகளில் வாழப் பிறந்த மீன் எப்படி நிலைத்தது என்று கேட்டால், உயரம்தான் அதற்கு விடை. ஒவ்வோர் 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஆகவே சமவெளியில் வெயில் கொளுத்துகிற அதே பகற்பொழுதில், அவலாஞ்சியின் சோலை நிழலில் ஓடி வருகிற நீரில் கையை வைத்தால் சிறிது நேரத்துக்கெல்லாம் விரல்கள் மரத்துப் போகின்றன. டிரவுட் மீனுக்கு உகந்த நீர் 10 முதல் 15 டிகிரி வரை; 20-ஐத் தாண்டினால் இரை எடுப்பதைக் குறைக்கிறது; 25-ஐ நெருங்கினால் உயிர் தரிப்பதே துர்லபம். நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது, அதே சமயம் மீனின் உடலோ அதிகப் பிராணவாயுவைக் கேட்கிறது. இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் நடுவே அகப்பட்டுத்தான் அது மாய்கிறது. போதாக்குறைக்கு, உயர்ந்த மலையில் காற்றின் அழுத்தமும் தணிவு. 2000 மீட்டர் உயரத்தில், கடற்கரையில் அதே குளிர்ச்சியுள்ள நீர் ஏற்கக்கூடிய பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எனவே இந்தப் பண்ணையில் தேங்கிய நீர் என்பதற்கே இடமில்லை. ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர், மணலும் சருகும் வடிகட்டப்பட்டு, தொட்டிக்குத் தொட்டி ஓரடி ஈரடி உயரத்திலிருந்து விழுந்து நுரைத்துக்கொண்டே போகிறது. அந்த வீழ்ச்சியில் காற்று நீரோடு கலக்கிறது. அந்தக் கலப்பில்தான் மீனின் ஜீவன் நிற்கிறது.

நீண்ட தொட்டிகளில் தாய் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து முகத்தை ஒரே திக்கில் வைத்துக்கொண்டு, முன்னேறாமலும் பின்வாங்காமலும் நிற்பதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு ஒலிவ நிறம், உடம்பெல்லாம் கரும்புள்ளிகள், செவுள் தொடங்கி வால் வரை பக்கவாட்டில் ஓடுகிற இளஞ்சிவப்புப் பட்டை. வானவில் டிரவுட் என்று பெயர் வழங்குவது இந்தப் பட்டையை முன்னிட்டுத்தான். அது முட்டையிடும் பருவத்தில், முக்கியமாக ஆண் மீனிடத்தில், நன்றாகச் சிவந்து விளங்குகிறது. முதுகில் வாலுக்குச் சற்று முன்பாகச் சதைப்பற்றான சின்னத் துடுப்பு ஒன்று இருக்கிறது. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த மீன் என்பதற்கு அது அடையாளம்.

அன்று காலை சினை எடுக்கும் வேலை நடந்தது. பண்ணையில் பல்லாண்டு பணிபுரிந்து தலை நரைத்த ஒரு பெரியவரும், அவரிடம் வேலை பழகுகிற இளைஞர் ஒருவரும் அந்தக் காரியத்தில் ஈடுபட்டிருந்தார்கள். ஈரத் துணியால் தாய் மீனின் வாலைச் சுற்றிப் பிடித்து, தலை உயரவும் வயிறு தாழவும் சாய்த்து, கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் முன் துடுப்புக்குக் கீழிருந்து மெல்ல நீவிக்கொண்டு வந்தார் பெரியவர். மிளகைவிடச் சற்றுப் பெரியதாக, செம்மஞ்சள் நிறத்தில், ஒளி ஊடுருவும் முட்டைகள் உலர்ந்த பேசினுக்குள் சரசரவென்று வழிந்தன. ஒரு கிலோ எடையுள்ள மீனிடமிருந்து ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரம் வரை முட்டை கிடைக்கும். அடுத்த மீனை இளைஞர் எடுத்தார். அவர் கை கொஞ்சம் அவசரப்பட்டது.

"அழுத்தாதே தம்பி. பழுத்திருந்தா தானா வழியும். வராததை விட்டுடு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

அழுத்திப் பிதுக்கினால் பக்குவப்படாத முட்டையும் இரத்தமும் சேர்ந்து வந்து, பேசினில் உள்ள அத்தனை முட்டையையும் கெடுத்துவிடும் என்று பிறகு எனக்கு விளக்கினார். இளைஞர் அந்த மீனைத் திரும்பத் தொட்டியில் விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தார். ஆண் மீனின் வயிற்றை அதே போல நீவி, பால் போன்ற விந்தை முட்டைகளின் மேல் விழச் செய்து, கோழி இறகால் இலேசாகக் கிளறினார்கள். அதுவரையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பேசினில் படவில்லை. இதில்தான் அந்தத் தொழிலின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. டிரவுட்டின் விந்தணு நீர் பட்டவுடன் விழித்தெழுந்து ஓடத் தொடங்கி, அரை நிமிஷத்துக்குள்ளாகவே சக்தியற்று அடங்கிவிடுகிறது. முட்டையிலோ, விந்தணு நுழைவதற்கென்றே உள்ள நுண்ணிய துவாரம் ஒன்று, நீரை உறிஞ்சி முட்டை உப்பத் தொடங்கிய சிறிது நேரத்தில் மூடிக்கொள்கிறது. ஆதலால் முட்டையையும் விந்தையும் முதலில் உலர்ந்த நிலையிலே கலந்து வைத்து, அதன் பின்னரே நீர் வார்க்க வேண்டும். ரஷ்ய தேசத்தைச் சேர்ந்த விராஸ்கி என்பவர் 1850-களில் கண்டறிந்த இந்த முறையை, உலகத்துப் பண்ணைகளெல்லாம் இன்றுவரை பின்பற்றி வருகின்றன; நீலகிரியின் ஒரு மூலையில், ஏட்டுக் கல்வி அதிகம் பெறாத ஒரு மனிதரின் விரல்களில் அது பிசகின்றி நிறைவேறுவதைக் கண்டபோது என் மனம் நெகிழ்ந்துபோயிற்று.

கழுவி உப்ப வைத்த முட்டைகள் இருட்டறைக்குப் போகின்றன. வாயில் தாழ்ந்த அந்தக் கட்டடத்துக்குள் நுழையும்போது நான் கைவிளக்கை ஏற்றப் போக, "வெளிச்சம் வேண்டாங்க, முட்டைக்கு ஆகாது" என்று பெரியவர் தடுத்தார். ஆற்றுப் படுகையின் கூழாங்கற்களுக்கடியில், தாய் மீன் வாலால் குழி பறித்து மூடி வைக்கும் முட்டை அது. இருளும் ஓடும் நீரும் அதற்குப் பிறப்புரிமை. நீர்த்தொட்டிகளுக்குள் தட்டுகளில் பரப்பி வைத்த முட்டைகளின் ஊடாக ஓடைத் தண்ணீர் ஓயாமல் சென்றுகொண்டிருக்கிறது. கருவில் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரிகிற வரையில் அந்த முட்டைகளை அசைக்கவும் கூடாது. கண் தெரிந்த பிறகோ அவை ஆச்சரியமான உறுதி பெற்றுவிடுகின்றன. அப்போது அவற்றை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு வேண்டுமென்றே கொட்டி அதிர்ச்சி கொடுக்கிறார்கள். உயிர் கொள்ளாத முட்டை அந்த அதிர்ச்சியில் வெளுத்துப் போய்த் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். வெளுத்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அதில் பஞ்சு போலப் பூஞ்சணம் படர்ந்து, அண்டையில் உள்ள நல்ல முட்டைகளையும் பற்றிக்கொள்ளும். நாள்தோறும் குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை அது.

பொரிப்பதற்கு எத்தனை நாளாகும் என்று கேட்டால், தண்ணீரைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பதுதான் பதில். நீர் 10 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய 31 நாள். 15-ஐ ஒட்டினால் 19 நாளே போதும். பொரித்த குஞ்சு தன் உடம்பைவிடப் பெரியதாகத் தோன்றும் மஞ்சட்கருப் பையைச் சுமந்துகொண்டு அடியில் கிடக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் அந்த உணவு கரைந்த பின்பே மேலே நீந்தி வந்து வாயைத் திறக்கிறது. முற்காலத்தில் அவித்த முட்டையின் மஞ்சட் கருவும், அரைத்த ஆட்டு ஈரலும் ஊட்டினார்கள். இப்போது தயாரித்த தீவனம். இதற்குப் பின்னும் கவலை ஓய்வதில்லை. ஒரே நாளில் பிறந்த குஞ்சுகளில் சில வேகமாக வளர்ந்து, பின்தங்கிய உடன்பிறப்புகளையே விழுங்கத் தலைப்படுகின்றன. ஆகவே அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்து வேறு வேறு தொட்டிகளில் விட வேண்டும்.

இந்த மீன் இங்கே வந்து சேர்ந்த வரலாறும் சிரமங்கள் மலிந்தது. 1860-களில், பிற்பாடு இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிப் புகழ் பெற்ற பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர், இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவரப் பிரயத்தனம் செய்தார், பலிக்கவில்லை. முட்டை கெடாமல் கடல் தாண்டுவதே அன்று பெரும் பாடாக இருந்தது. 1864-இல் நார்போக் என்ற கப்பலில், பாசிக்கிடையே முட்டைகளை அடுக்கி, பனிக்கட்டி அறையில் வைத்து, மூன்று மாதப் பிரயாணத்துக்குப் பின் டாஸ்மேனியாவில் உயிரோடு இறக்கிக் காட்டியபோதுதான் வழி புலப்பட்டது. வானவில் டிரவுட் 1883-இல் கலிபோர்னியாவிலிருந்து நியூசிலாந்துக்குச் சென்றது. காஷ்மீரத்தில் 1899-இல் வந்த முதல் முட்டைகள் அழிந்து, 1900-இல் வந்தவை பிழைத்தன. சென்னை அரசாங்கத்தின் மீன்வள நிபுணராக இருந்த எச். சி. வில்சன், 1906-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய இடங்களிலிருந்தெல்லாம் முட்டைகளையும் குஞ்சுகளையும் தருவித்துப் பார்த்து, அவலாஞ்சியில் பொரிப்பகத்தை ஏற்படுத்தினார். மற்ற இனம் தழைக்காத இந்த ஓடைகளில் வானவில் டிரவுட் வேர் கொண்டது. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் தோட்ட முதலாளிகளும் தூண்டில் போட்டுப் பொழுது போக்குவதற்காகவே இத்தனையும் நடந்தன என்பதை மறைப்பதற்கில்லை. நீலகிரியில் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் கட்டுப்பாடு விதித்து 1879-இலேயே தனிச் சட்டம் இயற்றியவர்கள் அவர்கள். அவர்கள் போய்விட்டார்கள். மீனும், அதைக் காக்கிற உழைப்பும் இங்கே தங்கிவிட்டன.

நாடு விடுதலை பெற்ற பிறகு நீரின் கதை வேறாயிற்று. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தேசத்தின் உதவியோடு 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய குந்தா மின்திட்டம், அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று அணைகளை எழுப்பி, குதித்தோடிய ஓடைகள் பலவற்றை ஏரிகளாக்கியது. தமிழகத்தின் விளக்குகள் எரிவதற்கு அது அவசியமாயிருந்தது. அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் அணைக்கு மேலே, ஓடை பிறக்கிற இடத்தில் நடந்திருக்கும் மாறுதலைப் பற்றி நான் மௌனமாக இருக்க முடியாது. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், ஆலைக்குமாகப் புல்வெளியில் நட்ட கற்பூர மரமும் சீகையும், நட்ட இடத்தோடு நில்லாமல், குறிப்பாகச் சீகை தானே விதை பரப்பி, மைல் கணக்கில் மேய்ந்துவிட்டன. உதகைக்கு அருகே கிளன்மார்கனில் மண், நீர்ப் பாதுகாப்பு விஞ்ஞானிகள், புல்வெளியான ஒரு பள்ளத்தாக்கையும் கற்பூர மரம் நட்ட மற்றொன்றையும் பல ஆண்டுகள் அருகருகே அளந்து ஒப்பிட்டார்கள். மரம் நட்ட பக்கத்தில் முதற் சுழற்சியிலேயே நீர் வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் மறுதழைவில் அதைவிட அதிகமாகக் குறைந்தது. புல்லும் சோலையும் மழைக்காலத்தில் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் சிறிது சிறிதாக விடுகிற நீரில்தான் மார்ச், ஏப்ரல் மாதத்து டிரவுட் பிழைக்க வேண்டும். பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, கணக்கெதுவும் சொல்லவில்லை. தொட்டியின் சிமெண்டுச் சுவரில் பழைய நீர்க்கறை படிந்திருந்த உயரத்தையும், அதற்குக் கீழே அன்று தண்ணீர் நின்ற உயரத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார். என்னைக் கேட்டால், நீலகிரியின் நீர்வளம் எந்நிலையில் இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பண்ணை. மனிதன் ஆழ்துளை போட்டோ, லாரியில் கொணர்ந்தோ சமாளித்துக்கொள்வான். டிரவுட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மழை மிகுந்தாலும் ஆபத்துதான். தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதுகிற முகடு இது. 2019 ஆகஸ்டு மாதத்தில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது சென்னை நகரம் ஓராண்டில் பெறுகிற மழையில் பாதிக்கும் அதிகமாக, அவலாஞ்சியில் கொட்டித் தீர்த்தது. அப்படிப்பட்ட நாட்களில் மண்ணும் சருகும் முறிந்த கிளைகளும் அடித்துக்கொண்டு வந்து வாய்க்காலின் வாயை அடைத்துவிடும். நீர் நின்றுபோனால், நெருக்கமாக மீன் விட்டிருக்கிற தொட்டியில் உள்ள பிராணவாயு சீக்கிரத்திலேயே தீர்ந்துபோகும்.

"ஆடி மாசத்துல ராத்திரி தூக்கம் கிடையாதுங்க. படுத்திருந்தாலும் காது வாய்க்கால்லதான் இருக்கும். சத்தம் குறைஞ்சா மண்வெட்டியை எடுத்துட்டு ஓடணும்" என்றார் அவர். யானையும் காட்டெருமையும் உலவுகிற இருட்டில் ஓடுவதைச் சொல்கிறார் என்பது சற்றுப் பொறுத்தே எனக்கு உறைத்தது.

இவ்வளவு சிரத்தையோடு வளர்க்கப்படுகிற இந்த அயல் மீன் நம் ஓடைகளுக்கு வேண்டியதுதானா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி நியாயமானது. உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் அயல் உயிரினங்கள் நூறு என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர்கள் தொகுத்த பட்டியலில் வானவில் டிரவுட்டும் இடம்பெற்றிருக்கிறது. அது மாமிச பக்ஷிணி; நீர்ப்பூச்சி, நண்டு, தலைப்பிரட்டை எதையும் விட்டு வைப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில், வேறெங்குமே காணக்கிடைக்காத தவளை இனங்கள் பல சின்னஞ்சிறு ஓடைகளை நம்பி வாழ்கின்றன. ஆகவே இதுவரை டிரவுட் எட்டாத ஓடைகளில் அதைக் கொண்டுபோய் விடுவது தகாத காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம். நூறு ஆண்டுகளாக அது பழகிவிட்ட நீர்களிலும் பண்ணைத் தொட்டிகளிலும் அதை வைத்துக் காப்பது வேறு விஷயம். அங்கே அதன் தேவையும் தவளையின் தேவையும் ஒன்றே: சோலை நிழல், குளிர்ந்த நீர், சேறு கலவாத ஓட்டம். சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்பதற்கு வனத்துறையினர் எடுத்து வரும் முயற்சி வெற்றி பெறுமாயின், பூர்விகக் குடியும் வந்தேறியும் சேர்ந்தே பயனடைவர்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் டிரவுட் வளர்ப்பு இன்று குடியானவர்களுக்கு வருமானம் தருகிற தொழிலாகியிருக்கிறது. அங்கே இனத்தைச் செழிப்பிப்பதற்காக டென்மார்க்கிலிருந்து கண் தெரிந்த முட்டைகளை விமானத்தில் தருவிக்கிறார்கள். சீக்கிரம் எடை கூடும்படி பல தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த வம்சம் அது. நீலகிரியிலும் அப்படிச் செய்யலாமே என்ற யோசனை எழுவது இயல்பு. சிறு எண்ணிக்கையில் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கி வந்த மீன்களில் வீரியம் குன்றும் என்பது உண்மையாதலால், அந்த யோசனையை எடுத்த எடுப்பில் தள்ளிவிடவும் முடியாது. ஆயினும் அவலாஞ்சி மீன் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, வெப்ப மண்டலத்து மலைநீரின் ஏற்ற இறக்கங்களையெல்லாம் அனுபவித்து, அவற்றில் பிழைத்தவை மட்டுமே சந்ததி பெற்று வந்த ஒரு வம்சம். பூமி சூடேறி வருகிற இக்காலத்தில், அந்த வம்சத்தின் இரத்தத்தில் என்ன தாங்கும் சக்தி ஒளிந்திருக்கிறது என்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து தெளிவதற்கு முன்பு அதைப் புது இரத்தத்தில் கரைத்துவிட்டால், பிறகு எந்தத் தேசத்துக்கு எழுதிக் கேட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. புதிய முட்டை வரட்டும். அதற்கென்று தனித் தொட்டிகள் கட்டட்டும். பழைய மீனுக்குரிய தொட்டிகளையும், அவற்றுக்கு வரும் வாய்க்காலையும், அதை இராப்பகலாகக் காவல் காக்கப் பழகிய இரண்டு மூன்று பேருக்கு நிரந்தரமான வேலையையும் அரசாங்கம் இப்போதே உறுதி செய்து கொடுத்துவிட வேண்டும். பெரியவர் ஓய்வு பெறுகிற நாள் தூரத்தில் இல்லை. அந்த இளைஞருக்கோ இன்னும் ஒன்றிரண்டு குளிர்காலமாவது அவருடைய கைக்குப் பக்கத்தில் நின்று பழக வேண்டியிருக்கிறது.